ஐந்து நாற்பதுக்கு இறங்கிய குவைத் விமானம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் டிரிப் கொப்பியில் ஊரும் நேரமும்தான். எங்கே சின்ன 'ர' போடுவது, எங்கே பெரிய 'ற' போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். வேன் சாரதிகள் சங்கத்துச் செயலாளர் தம்பி, "நீங்க எழுதிக் குடுங்கண்ணே, பிழையெல்லாம் நாங்க திருத்திக்கிறோம்" என்று சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். மற்றதைத் திருத்த வேண்டாம்.

சங்கத்து மலருக்கு விமான நிலைய ஓட்டத்தில் நடந்த வேடிக்கைகளை எழுதித் தரச் சொல்லித்தான் கேட்டார்கள். வேடிக்கைகள் இருக்கின்றன. கோழியைக் கூடையில் மறைத்துக் கொண்டுவந்தவர், கடவுச்சீட்டைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கித்துல்கல வந்த பிறகு நினைவு வந்தவர் என்று நிறையப் பேர். அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அதற்குக் காரணம் போன மாதம் ஹட்டன் வேன் ஸ்டாண்டில் நடந்த ஒரு பேச்சு.

சர்க்கரையால் என் கண் மங்கிவிட்டது. சாரதி லைசன் புதுப்பிக்க மருத்துவர் கையெழுத்து வைக்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் வண்டியை விட்டு இறங்கினேன். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். அன்று தினேஷ் என்ற சாரதித் தம்பி தன் போனைக் காட்டினார்.

"அண்ணே, இதுல ரெண்டு ஏர்போட் பேரப் போட்டா போதும். எத்தன கிலோமீற்றர், எத்தன மணித்தியாலம் எல்லாம் வந்துரும். நீங்கெல்லாம் இது இல்லாம எப்பிடித்தான் ஓட்டுனீங்களோ."

"கொழும்பு, குவைத் போடுங்க பாப்போம்" என்றேன்.

நாலாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே என்று காட்டியது. பறக்கும் நேரம் ஐந்து மணித்தியாலமும் சில்லறையும்.

"இப்ப திருப்பிப் போடுங்க. குவைத்லேர்ந்து இங்க."

"திருப்பிப் போட்டாலும் அதே தூரந்தானேண்ணே. நேரமும் அப்பிடித்தான். வேணும்னா ஒரு பத்து நிமிசம் கொறையும்."

"ஏறி வாறதுக்குக் கூட நேரம் எடுக்காதா?"

சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். "அண்ணே, அது என்ன கினிகத்தேனை வளைவா, செகண்ட் கியர் போட்டு ஏறுறதுக்கு?" என்றார் தினேஷ். நானும் சிரித்தேன். பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அப்படியென்றால் டிக்கட்டில் ஏன் வேறு மாதிரி வருகிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொல்லித் தந்தார். டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். குவைத் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், அது மட்டும் எனக்கும் தெரியும். ஆகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பறக்கும் நேரம் ஆகாது.

இருபத்திரண்டு வருடம் நான் கழித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என் கணக்குப் பிழை என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். எங்கே பிழை விட்டேன் என்பதுதான் அன்று தெரிந்தது. பிழையைவிட மோசமான ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். அது கணக்குத் தெரியாததால் செய்தது இல்லை.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். கொழுந்து லொறியில் உதவியாளாக ஏறி, லொறி ஓட்டப் பழகி, முப்பதைத் தாண்டிய பிறகு ஹட்டனில் ஜவ்பர் நானாவிடம் வேன் சாரதியாகச் சேர்ந்தேன். அவருக்கு டயர்க் கடையும் மூன்று வேனும் இருந்தன. மூன்றும் விமான நிலைய ஓட்டத்துக்கே. அந்தக் காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் யாராவது ஒரு பெண் வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்.

நானாவைப் போல் ஒரு முதலாளியைப் பார்க்க முடியாது. அதட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். பயணத்துக்கு முதல் நாள் பயணியின் வீட்டார் டிக்கட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். டயர்க் கறுப்பு படாமல் இருக்க நானா கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, துடைத்து, பிறகுதான் டிக்கட்டைத் தொடுவார். எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் படிப்பார். பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிய ஒரு துண்டில் நீலப் பென்சிலால் நேரத்தை எழுதுவார். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவார். விமான நிலையத்துக்குள் போக மூன்று மணித்தியாலம். ரோட்டுக்கு நாலரை. மழைக்கும் மண்சரிவுக்கும் ஒன்று. கடைசியில் ஒரு அரை மணித்தியாலம்.

"இது எதுக்கு நானா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"அழுறதுக்கு" என்றார். "லயத்துக்கு முன்னால வேன் நின்னதும் ஏறிருவாங்கன்னு நெனச்சியா? புள்ள காலக் கட்டிக்கும். தாய் விழுந்து அழும். அத அவசரப்படுத்தக் கூடாது. அந்த அரை மணித்தியாலத்த மட்டும் ஒருநாளும் கொறைக்காத."

ஆட்களைக் கூட்டிவரும் ஓட்டத்துக்கு அவர் வைத்த ஒரே விதி இது: "டிக்கட்டக் கண்ணால பாக்காம யாருக்கும் நேரம் சொல்லாத. டிக்கட் இல்லன்னா ஏர்போட்டுக்குப் போன் போட்டுக் கேளு. கேக்குறதுக்கு வெக்கமா இருந்தா வேன் சாவிய இங்க வச்சிட்டுப் போயிரு."

எனக்கு வெட்கம் அதிகம் என்பது அவருக்குத் தெரியும். நான் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. கல்யாண வீட்டிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து வருவேன். ஆனால் விமானத்தைப் பற்றி மட்டும் பேசுவேன். வேனில் ஏறுகிற பெண்கள் பயந்துபோய்க் கேட்பார்கள், "அண்ணே, மேல எவ்வளவு நேரம் இருக்கணும்?" என்று. அவர்களுக்குச் சொல்வதற்காகவே ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஏற்றிய, இறக்கிய ஒவ்வொருவரின் டிக்கட் நேரத்தையும் அதில் எழுதுவேன். குவைத்துக்குப் போக இரண்டு ஐம்பது. வர ஏழு நாற்பது. டோஹா, ரியாத் எல்லாவற்றுக்கும் இப்படியே, போவது குறைவு, வருவது கூட.

"ஏண்ணே அப்பிடி?" என்பார்கள்.

"இறங்குறது லேசு தங்கச்சி, ஏறுறதுதானே கஷ்டம். நம்ம கோச்சி கொழும்புக்கு எறங்குறப்ப ஒரு இஞ்சின். ஏறுறப்ப பின்னாலயும் ஒன்னு போட்டுத் தள்ளுறாங்கல்ல? அது மாதிரிதான்."

மலையில் பிறந்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். எனக்கும் அப்படித்தான் விளங்கியது. நாங்கள் எங்கே போனாலும் இறங்கித்தான் போகிறோம், எங்கிருந்து வந்தாலும் ஏறித்தான் வருகிறோம். "அண்ணன் எவ்வளவு தெரிஞ்சி வச்சிருக்காங்க" என்பார்கள். தோட்டத்தில் என்னை ஏர்போட்டு அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேறு எதற்கும் என்னை யாரும் கேட்டதில்லை. அதனால் அந்தப் பெயர் எனக்குத் தேவையாக இருந்தது.

ஒருமுறை பார்வதி என்ற பெண்ணைக் குவைத்திலிருந்து கூட்டிவந்தேன். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான், மூன்று வருடம் அங்கே இருந்தவர். வரும் வழியில் சொன்னார்: "அண்ணே, போறப்ப நீங்க ரெண்டே முக்கால் மணித்தியாலம்னு சொன்னீங்க. ரொம்ப நேரம் இருந்தோம். ரெண்டு தரம் திங்கக் குடுத்தாங்க."

"பயந்துபோயி உக்காந்தா நேரம் நீளும்" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் பக்கத்து லயத்தில் பாக்கியம் அக்கா இறந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில். அவருக்கு ஒரு மகன் கணேசன், ஒரு மகள் செல்வராணி. செல்வராணி குவைத்தில் ஒரு வீட்டில் ஐந்து வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா நல்லவர், டிக்கட் எடுத்துத் தந்து அனுப்புகிறார் என்று செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை அடக்கம் என்று முடிவானது.

திங்கட்கிழமை பின்னேரம் எழவு வீட்டில் நான் ஒரு ஓரத்தில் நின்றிருந்தேன். கணேசனின் போன் அடித்தது. செல்வராணி வீட்டுக்காரம்மாவின் போனில் பேசினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கணேசன் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அண்ணே, இன்னிக்கி ராவு பத்து மணிக்குப் பிளேன். இங்கத்த மணிக்குப் பத்து."

"எத்தன மணிக்கு இங்க எறங்கும்?"

"தெரியலண்ணே. டிக்கட்டு மேடம் கையில இருக்கு. என் போன் சிம்மும் அங்க வேல செய்யாது. ஏர்போட்டுக்கு யாராச்சும் வாங்க. அம்மாவ எடுத்துறாதீங்கண்ணே, நான் வந்துருவேன், எடுத்துறாதீங்க."

அழுகையோடு போன் நின்றது. கணேசன் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"ஏர்போட்டு அண்ணன் எங்க? அண்ணே, பத்து மணிப் பிளேன் எப்ப வரும்? செவ்வாய்க்கெழம மூணு மணிக்கு ராகு காலம் வந்துரும். அதுக்கு முன்ன எடுக்கணும். தங்கச்சி மூணுக்குள்ள வீட்டுக்கு வந்துருவாளா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நானா அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கொப்பி வேனில் இருந்தது. வேன் கீழே ரோட்டில், நூறு படி இறங்கினால் போதும். விமான நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம், சிங்களம் எனக்கு வரும். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது, எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மனதிலேயே கணக்குப் போட்டேன். குவைத்தில் பத்து என்றால் நமக்குப் பன்னிரண்டரை. அதோடு வருவதற்கு ஏழு நாற்பது. காலை எட்டுப் பத்து.

அந்த ஏழு நாற்பதுக்குள் இரண்டரை மணித்தியாலம் ஏற்கெனவே இருக்கிறது. நான் அதை இரண்டாம் தடவையும் கூட்டினேன். அன்று எனக்கு அது தெரியாது.

"எட்டுப் பத்துக்கு எறங்கும்" என்றேன். "வெளிய வர ஒம்பதேகால். பகல்ல ரோட்டுல நெரிசல், ஆறு மணித்தியாலம் போடுங்க. மூணேகாலுக்கு முன்ன இங்க வர முடியாது."

அப்போது பின்னால் பெண்கள் பக்கமிருந்து பார்வதி சொன்னார்: "இல்லண்ணே. நானும் அந்தப் பத்து மணிப் பிளேன்லதான் வந்தேன். எறங்கையில இன்னும் நல்லா விடியல. எட்டு மணியெல்லாம் இல்ல."

நான் இப்போது எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது.

"தங்கச்சிக்குக் குவைத்துல மூணு வருசம் பாத்திரம் கழுவி மணி பாக்குறது மறந்துருச்சி போல" என்றேன். "நீங்க ஒரு தரம் வந்தீங்க, அதுவும் தூக்கத்துல. நான் எத்தன நூறு பேரக் கூட்டியாந்திருக்கேன்."

எழவு வீடு என்றும் பாராமல் சிலர் சிரித்தார்கள். பார்வதி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் போய்விட்டார். யாரையும் கேலி செய்து பழக்கமில்லாதவன் நான். செய்த ஒரே ஒரு தடவை, சரியாகச் சொன்ன ஒரே ஆளை வாயடைக்கச் செய்தேன்.

கணேசன் மறுபடியும் கேட்டார். "அண்ணே, நல்லாத் தெரியுமா? அம்மாவுக்கு அவ ஒருத்திதான் பொம்பளப் புள்ள. அவ வந்து மொகத்தப் பாத்து வாய்க்கரிசி போட முடியும்னா, மழையில நனைஞ்சாவது மூணு வரைக்கும் வச்சிருப்பேன். முடியாதுன்னா மழைக்கு முன்ன ஒரு மணிக்கே எடுத்துருவோம். ஆத்தத் தாண்டித் தூக்கிட்டுப் போகணும்."

"என்னய நம்பி எடுங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்கு முன்பே விமான நிலையத்தில் இருந்தேன். நேரத்தோடு வந்துவிட்டதில் திருப்தி. வேனை நிறுத்தி, முகம் கழுவி, வெளியே வரும் வாசலில் போய் நின்றேன். எட்டரைக்கு விமானங்களின் பலகையைப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் வராது, ஆனால் இறங்கிவிட்டது என்பதற்கு அவர்கள் போடுகிற சொல் படம் மாதிரி மனதில் இருக்கும். குவைத் வரியில் அந்தச் சொல் இருந்தது. பக்கத்தில் 05.40.

காவலாளியிடம் கேட்டேன். "அது விடியற்காலையே வந்துவிட்டது, அதில் வந்தவர்கள் எல்லோரும் போயாச்சு" என்று சிங்களத்தில் சொன்னார்.

வேனுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். பார்வதியைக் கூட்டிவந்த நாள் இருந்தது. என் கையெழுத்துதான். குவைத் 22.00, கொழும்பு 05.40.

சட்டைப் பையில் போன் இருந்தது. மணி எட்டு முப்பத்தைந்து. கணேசனுக்கு ஒரு அழைப்பு எடுத்து, "நான் சொன்னது பிழை, தங்கச்சி விடியவே எறங்கிட்டா, பஸ்ஸில வந்துக்கிட்டு இருப்பா, மூணு வரைக்கும் பொறுங்க" என்று சொன்னால் போதும். இருபது சொல் கூட இல்லை. அதைச் சொல்ல எனக்கு இன்னும் நாலரை மணித்தியாலம் இருந்தது.

நான் எடுக்கவில்லை. கணேசன் போனின் சத்தத்தைக் கூட்டி வைப்பார், எல்லோரும் கேட்பார்கள், பார்வதியும் கேட்பார் என்று நினைத்தேன். ஒருவேளை செல்வராணி உள்ளே பெட்டிக்காக நிற்கலாம், அவரைக் கண்ட பிறகு எடுப்போம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாசலுக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் நடந்தேன். ஒன்பதானது. ஒன்பதரை ஆனது. போனை எடுக்கிற ஒவ்வொரு தடவையும், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நேரம் போகப் போகச் சொல்வது இன்னும் கடினமானது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. கணேசன். பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. நான் போனை நிறுத்திப் பையில் போட்டேன்.

பதினொன்றரை வரை அங்கேயே இருந்தேன். எதற்காக இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு வெறும் வேனை ஓட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

நான் தோட்டத்துக்கு வந்தபோது ஐந்தே கால். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பாக்கியம் அக்காவை ஒரு மணிக்கு எடுத்திருந்தார்கள். செல்வராணி கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்புப் புறக்கோட்டை, அங்கிருந்து ஹட்டன், அங்கிருந்து லிந்துலை என்று பஸ் மாறி மாறி, கடைசியில் முச்சக்கர வண்டி பிடித்து, இரண்டே முக்காலுக்கு லயத்துக்கு வந்திருக்கிறார். மூன்று மணிக்கு முன்பு. வீடு கழுவி விட்டிருந்தார்களாம். அப்படியே ஆற்றைத் தாண்டி ஓடியிருக்கிறார்.

வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பயணத்துக்குப் போட்ட புதுச் செருப்பு முழுக்கச் சேறு. என்னைக் கண்டதும் எழுந்தார்.

கணேசன் கேட்டார். "என்னாச்சிண்ணே? போனும் எடுக்கல."

"சார்ஜ் எறங்கிருச்சி" என்றேன். "பிளேன் முன்னாலயே வந்துருச்சி தம்பி. நான் போகையில எல்லாரும் போயாச்சி. பதினொன்றர வரைக்கும் தேடிக்கிட்டு நின்னேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னா செய்றது. பிளேன் முன்னால வரும்னு யாருக்குத் தெரியும்."

செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக நீங்க அங்க நின்னீங்களாண்ணே? நான்தான் பொறுக்காம பஸ்ஸில ஏறிட்டேன். நின்னிருந்தா உங்களோட வந்திருப்பேன். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

பார்வதி சற்றுத் தள்ளி நின்று என்னைப் பார்த்தார்.

நானா திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டிக்கட்டப் பாத்தியா?"

"பிளேன் முன்னால வந்துருச்சி நானா."

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுச் சொன்னார்: "முன்னால வந்தா பத்து நிமிசம் வரும், கால் மணித்தியாலம் வரும். ரெண்டர மணித்தியாலம் வராது." என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு என் ஓட்டங்களுக்கு, போக வர இரண்டுக்கும், அட்டையில் நேரத்தை அவரே எழுதித் தந்தார். அவர் மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை அப்படித்தான். நானும் யாருக்கும் விமான நேரம் சொல்வதை விட்டுவிட்டேன்.

செல்வராணி குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை. எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிறார். இது நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. திவசத்துக்குத் திவசம் யாராவது ஒரு சொந்தக்காரர், "கொஞ்சம் பொறுத்திருந்தா வேன்லயே வந்திருக்கலாம், இப்பிடி ஓடியாந்து பஸ்ஸுக்கு நின்னா எப்பிடி" என்று அவரைச் சொல்லுவார். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டில் பலகாரம் வரும். "அண்ணன் அன்னிக்கி எனக்காகப் பசியோட நின்னாங்க" என்று என் மனைவியிடம் சொல்லித்தான் தருவார். நான் அதைச் சாப்பிட்டிருக்கிறேன். பன்னிரண்டு தீபாவளியும் சாப்பிட்டிருக்கிறேன்.

தினேஷ் தம்பி போனைக் காட்டிய பிறகு, இதை இப்படியே எழுதி மலருக்குத் தந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் செல்வராணிக்குச் சொல்லாமல் அச்சில் போடுவது மறுபடியும் போனை நிறுத்துவது மாதிரி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கண்ணே" என்று உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கில் எங்கே பிழை விட்டேன் என்பதையும் சொன்னேன். அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

"பிளேன் முன்னால வரலயா?"

"இல்ல. வர வேண்டிய நேரத்துக்குத்தான் வந்திச்சி."

"நீங்க எப்பண்ணே பலகையப் பாத்தீங்க?"

"எட்டரைக்கு."

"எட்டரைக்கு நான் புறக்கோட்டைக்குக் கிட்ட பஸ்ஸில இருந்தேன்." பிறகு கேட்டார். "கணேசண்ணன் பத்து மணிக்கு உங்களுக்குக் கோல் எடுத்திச்சாமே?"

"எடுத்திச்சி. பாத்தேன். நான்தான் போன நிப்பாட்டுனேன். சார்ஜ் இருந்திச்சி."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு நான் உட்காராத கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு வாசலுக்கு வந்தார்.

"அப்ப நான் பஸ் ஏறுனது தப்பில்ல" என்றார்.

"இல்ல தங்கச்சி."

"பன்னெண்டு வருசமா நான் என்னயே ஏசிக்கிட்டு இருக்கேன். அம்மா படத்துக்கு முன்னால நிக்கிறப்பெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொஸ்தகத்துல எழுதுறதாச் சொல்றீங்களே, உங்க கதைய மட்டும் எழுதாதீங்க. நான் நின்னேன்னு எழுதுங்க. அரை மணித்தியாலத்துக்கு மேலேயே நின்னேன். யாராச்சும் நம்ம ஆள் வாறாங்களான்னு ஒவ்வொரு வேனா எட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன். அத எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. என் சொந்தக்காரங்களும் படிக்கணும்." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்வதியைப் பார்க்க முடியவில்லை. கல்யாணமாகி வட்டகொடைப் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். தேடிப் போவேன். அதற்குள் இந்த மலர் அவர் கைக்குப் போனால், அன்று அவர் சொன்னது சரி, என் பேச்சு கேவலமானது என்று இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

செல்வராணி சொன்னதை எழுதுகிறேன். அன்று காலை ஆறே முக்காலுக்கு அவர் பெட்டியோடு வெளியே வந்தார். தம்மைக் கூட்டிப்போக யாரும் இல்லை. கையில் வேலை செய்யாத போன். அங்கிருந்த ஒவ்வொரு வேனையும் எட்டிப் பார்த்துக்கொண்டு ஏழரை மணி வரை நின்றார். அதற்கு மேல் நின்றால் அம்மாவைப் பார்க்க முடியாது என்று தெரிந்துதான் பஸ்ஸில் ஏறினார். மூன்றுக்கு எடுக்கிறதாக இருந்தால் அவர் வந்து சேர்ந்திருப்பார். அவர் அவசரப்படவில்லை. பிழை அவருடையது இல்லை.

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை.